அத்தை சொல்லாத பெயர்

எனக்கு மகள் பிறப்பதற்கு முன்பே பல நூறு பிள்ளைகளுக்கு நான் பெயர் எழுதியிருக்கிறேன். வைத்ததில்லை, எழுதியிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், சத்தம் மட்டும் போடும் ஒரு ஃபேன், அப்புறம் நான். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, பிறப்புச் சான்றிதழில் பெயர் பதிய, ஆதாரில் போன் நம்பர் மாற்ற என்று காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

"பிள்ளை பேரு?" என்று கேட்பேன். அப்பாமார் உடனே போனை எடுப்பார்கள். பெற்ற பிள்ளையின் பெயரைப் போனில் பார்த்துப் படித்துச் சொல்லும் காலம் இது. பார்த்துப் படித்தும் ஒரு தடவையில் வாயில் வராது. ஒரு நாள் ஒருவர் படித்துச் சொன்ன பெயரைக் கேட்டு, இது பையனா பொண்ணா என்று விளங்காமல், "மருந்து பேரு மாதிரி இருக்கே அண்ணே" என்று சொல்லிவிட்டேன். அவர் விண்ணப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார். ஓனர் என்னைப் பிடித்து ஏசினார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

என் பெயருக்கும் ஒரு கதை உண்டு. நான் பிறந்த வருடம் ஊரெல்லாம் அந்த ஒரே பெயரை வைத்தார்கள் போல. பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் மட்டும் ஐந்து பேர். டீச்சர் கூப்பிட்டால் ஐந்து பேரும் எழுந்திருப்போம், நான்கு பேர் உட்காருவோம். அதனால் பொம்பளைப் பிள்ளை பிறந்தால் பழைய பெயர் ஒன்றைத்தான் வைப்பது என்று கல்யாணத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். மரகதம், காந்திமதி, பூரணம் என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பெயர். வகுப்பில் கூப்பிட்டால் என் மகள் ஒருத்திதான் எழுந்திருக்க வேண்டும்.

எங்கள் கவுன்டரில் இன்னொரு வேடிக்கை உண்டு. சில பெண்கள் பெயரே சொல்ல மாட்டார்கள். "வீட்டுக்காரர் பேரு?" என்றால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையை இடிப்பார்கள், "சொல்லுட்டி, ஒங்கப்பா பேர." புருஷன் பெயராவது பரவாயில்லை. செத்துப்போன மாமியாரின் பெயரைக் கார்டிலிருந்து நீக்க வந்தவர்கள்கூட அந்தப் பெயரை வாயால் சொல்லாமல், விரலால் தொட்டுக் காட்டுவார்கள். வரிசை நீளமாக இருக்கும் நாளில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "சொன்னா நாக்கு வெந்துருமாக்கா?" என்று கேட்டிருக்கிறேன். ஒருத்தி சிரிப்பாள், ஒருத்தி முறைப்பாள். யாரும் சொன்னதில்லை.

என்னைக் கட்டிக் கொடுத்தது ராஜபாளையத்தில். கணவருக்கு ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீஷியன் வேலை. அவருடைய அம்மா, என் அத்தை, காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் மடிப்பு செக்‌ஷன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து முப்பத்தாறு வருடம் ஆகிறது, அதில் இருபது வருடம் துணி மடித்திருக்கிறார். அத்தை பேசினால் தெருவே கேட்கும். சீரியல் பார்த்து அழ மாட்டார், திட்டுவார். டவுன் பஸ்ஸில் சில்லறைக்குக் கண்டக்டரோடு சண்டை போட்டுவிட்டு, இறங்கும்போது அவருடைய பிள்ளைகளை விசாரித்துவிட்டு இறங்குவார். எனக்கும் அவருக்கும் முதல் நாளே ஒத்துப்போய்விட்டது. இரண்டு பேருக்கும் வாய் நீளம் என்பது ஒரு காரணம்.

பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தேன். பொம்பளைப் பிள்ளை. முப்பதாம் நாள் பெயர் வைப்பதாக முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தை டவுன் பஸ் ஏறி வந்துவிடுவார். கையில் எப்போதும் ஒரு மஞ்சப்பை. அதற்குள் கம்பெனியில் கேட்டு வாங்கின ஓரத்துணி, வெந்நீரில் அலசிக் காயவைத்து, நான்கு மூலையும் பிசகாமல் மடித்தது. "கடைத்துணி பிள்ள மேல உறுத்தும். இது எம்புட்டு மெதுவா இருக்கு பாரு" என்பார். என் மகள் பிறந்த முதல் மாதம் முழுக்க ஏதோ அடிபட்டவள் மாதிரி பேண்டேஜ் துணியில்தான் கிடந்தாள்.

இதற்கிடையில் பெயர்ச் சண்டை தொடங்கியது. கணவர் எங்கிருந்தோ நட்சத்திரத்துக்கு ஏற்ற பெயர்கள் என்று ஒரு பட்டியலை போனில் இறக்கிக்கொண்டு வந்தார். நான் தினமும் டைப் அடித்துத் திட்டுகிற பெயர்கள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. அம்மாவும் அவர் பக்கம்தான். "பிள்ள வளந்து காலேஜ் போகும்போது பழைய பேரச் சொல்லிக் கேலி பண்ணுவாகடி" என்றாள். நான் அசையவில்லை. எங்கள் பக்கம் மூத்த பெண் பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பதுதான் வழக்கம். இப்போதெல்லாம் அதை ஒரு பேருக்குக் காதில் சொல்லிவிட்டு, சான்றிதழில் வேறு எழுதுகிறார்கள். நான் சான்றிதழிலேயே எழுதுவது என்று நினைத்தேன். அத்தையின் பெயர் நல்ல பழைய பெயர், அம்மன் பெயர். அவருடைய ஆதாரில் நம்பர் மாற்றிக் கொடுத்தவளே நான்தான், என் கையாலேயே டைப் அடித்த பெயர். வழக்கமும் ஆயிற்று, என் ஆசையும் ஆயிற்று என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் சொன்னேன்.

"அத்தை, பிள்ளைக்கு ஒங்க பேரத்தான் வைக்கப்போறேன்."

சந்தோஷத்தில் தெருவையே கூட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அத்தையின் முகம் செத்துப்போயிற்று.

"வேண்டாம்" என்றார்.

"ஏன் அத்தை?"

"வேற எந்தப் பேரு வேணாலும் வை. அது மட்டும் வேணாம்."

பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, கொண்டுவந்த துணியை ஒருமுறை பிரித்து மறுபடி மடித்து வைத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது. நான் பெற்ற பிள்ளைக்கு அவர் பெயரை வைப்பது அவ்வளவு கேவலமா? ஆண் பிள்ளையாக இல்லை என்று மனசுக்குள் ஏதாவது இருக்குமோ என்றுகூட நினைத்தேன். கணவரிடம் போனில் பொரிந்து தள்ளினேன். "அம்மா இப்படியெல்லாம் பேச மாட்டாளே" என்று மட்டும் சொன்னார். அது எனக்குப் போதுமானதாக இல்லை. அடுத்த ஞாயிறு அத்தை வரவில்லை, மஞ்சப்பை மட்டும் கணவர் கையில் வந்தது. மடிப்பு மட்டும் எப்போதும் போல நேராக இருந்தது. துணியை எடுத்துக்கொண்டேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெயர் வைக்க ஒரு வாரம் இருக்கும்போது அத்தையின் அண்ணன் தேவதானத்திலிருந்து பிள்ளை பார்க்க வந்தார். கணவருக்குத் தாய்மாமன், எனக்குப் பெரியப்பா முறை. தனியாக வரத் தயங்கி, ராஜபாளையத்தில் இறங்கி அத்தையையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு கையிலும் தேங்காய், மாங்காய், பச்சை நிலக்கடலை. அத்தை என்னிடம் "நல்லா இருக்கியா" என்றார், நான் "ம்" என்றேன். அவர் பின்பக்கம் குழாயடியில் பிள்ளையின் துணிகளை அலசப் போய்விட்டார்.

பெரியப்பா பிள்ளையைக் கையில் வாங்கினார். வாங்கின கையோடு பிள்ளை அவர் சட்டையை நனைத்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே பின்பக்கம் பார்த்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது அத்தையின் பெயர் இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த வேறொரு பெயர். ராஜபாளையம் வீட்டு ஹாலில், சின்ன லைட் எரிகிற போட்டோவுக்குக் கீழே எழுதியிருக்கும் பெயர். கணவரின் அப்பத்தா, அதாவது அத்தைக்கு மாமியார், என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோனவர். அவருடைய பெயர் அது.

குழாயடியிலிருந்து, "என்னண்ணே!" என்று பதில் வந்தது.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. பஸ்ஸில் சண்டை போடுகிற குரல் இல்லை. பாவாடை கட்டின பிள்ளை ஓடிவருகிற குரல். ஈரக்கையோடு வாசற்படி வரை வந்த அத்தை, என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"பெரியப்பா, யாரைக் கூப்பிட்டீங்க?" என்றேன்.

"இவளத்தான். வேற யாரை?"

"அது அப்பத்தா பேருல்லா?"

"அவியளுக்கும் அதுதான் பேரு தாயி, இவளுக்கும் அதுதான். அதுதானே வெனை" என்று பெரியப்பா சொல்ல ஆரம்பித்தார். அத்தை, "விடுண்ணே, பழைய கதை" என்றார். பெரியப்பா விடவில்லை.

பரிசம் போட வந்த அன்று பெண்ணின் பெயரைக் கேட்டதும் அப்பத்தா எழுந்து நின்றுவிட்டாராம். "எம் பேர வச்சிக்கிட்டு ஒருத்தி என் வீட்டுக்கு வந்தா, நான் அவள எப்பிடி வைவேன்? எம் மவன் பொண்டாட்டியக் கூப்பிடணும்னா ஆத்தா பேரயா சொல்லிக் கூப்பிடுவான்?" என்று கேட்டாராம். நியாயம்தானே என்று இரண்டு பக்கமும் தலையாட்டியிருக்கிறார்கள். பெண்ணை மாற்ற முடியாது, பெயரை மாற்றலாம். சுவரில் ஒரு எண்ணெய்க் கடைக் காலண்டர் தொங்கியது. அதில் இருந்த அம்மனின் பெயரை அந்த இடத்திலேயே வைத்து, வெற்றிலை மாற்றிவிட்டார்கள். அப்புறம் கார்டு, ஓட்டு, பேங்க், ஆதார் எல்லாவற்றிலும் காலண்டர் பெயர்தான். பெரியப்பாவும் தங்கை வீட்டுக்குப் போனால் "ஏ பிள்ள" என்றுதான் கூப்பிடுவாராம். சம்பந்தியம்மா காதில் விழக் கூடாதே. மாமனார் எந்தப் பெயரும் சொல்லாமல் "இந்தாரு" என்று கூப்பிட்டே முப்பத்தாறு வருடத்தை ஓட்டிவிட்டார்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அப்படியென்றால் அத்தை தன் பெயரையே தான் சொல்லக் கூடாது.

"நீங்க ஒருக்காகூடச் சொன்னதில்லையா அத்தை? தனியா இருக்கும்போதுகூட?"

"எதுக்குச் சொல்லணும்? பழகிப்போச்சி." ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அதாம்ட்டி வேண்டாம்னேன். காலண்டர் பேர நான் சொமந்தது போதாதா? இந்தப் பச்சமண்ணு தலையிலயும் அதையே கட்டணுமா?" என்றார்.

நான் அழுதுவிட்டேன். பத்து நாளாக மனசுக்குள் அவரைத் திட்டின திட்டெல்லாம் ஞாபகம் வந்தது. "நாக்கு வெந்துருமா" என்று கவுன்டரில் கேட்டதும் ஞாபகம் வந்தது. அழுதுகொண்டே, "அப்ப ஒங்க நெசப் பேரையே வைக்கிறேன்" என்றேன்.

அத்தை சிரித்தார். "வச்சா யாரு பேரும்பாக? அப்பத்தா பேர வச்சிருக்கான்னு சொல்லுவாக. அவிய பேரு அவியளுக்கே போகும். எனக்கு அதுல என்ன இருக்கு?"

"காதுல நீங்க சொல்லுங்க. அப்பத் தெரியும், யாரு பேருன்னு."

"நான் எப்பிடிட்டி சொல்லுவேன்?" என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது. சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அலசின துணியைக் கொடியில் போட்டுவிட்டு அண்ணனோடு கிளம்பிப்போனார்.

அந்தப் பெயர்தான் என்று நான் பிடிவாதமாக நின்றதில், விஷயம் சொந்தத்தில் பரவிவிட்டது. அத்தை சொன்னபடியே ஆயிற்று. "செத்துப்போன அப்பத்தா பேர வைக்காளாமே, இந்தக் காலத்துல இப்பிடி ஒரு மருமகளா!" என்று போனுக்கு மேல் போன். எனக்குக் கிடைத்த பாராட்டு ஒவ்வொன்றும் குத்தியது. விளக்கம் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் அத்தையை மாட்டிவிட்ட மாதிரி ஆகும். கணவரிடமும் அவருடைய அக்காவிடமும் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். காதில் பெயர் சொல்லும் உரிமை பிள்ளையின் அத்தைக்கு, அதாவது அந்த அக்காவுக்குத்தான். "அம்மாவே சொல்லட்டும், எனக்கு என்ன" என்றார் அவர். அம்மா சொல்லாவிட்டால் அவர் சொல்ல வேண்டியதுதான். அப்படி நடந்தால் அது என்றைக்கும் போட்டோவில் இருப்பவரின் பெயர்தான். ராத்திரி பிள்ளை தூங்கியது, நான் தூங்கவில்லை.

முப்பதாம் நாள் ராஜபாளையத்துக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். அத்தை பச்சைப் பட்டில் வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பூ கட்டுவதும், பாய் விரிப்பதுமாக ஓடிக்கொண்டே இருந்தார். பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, சீனித்தண்ணீர் தொட்டு நாக்கில் வைத்தாயிற்று. "பேரு சொல்லுங்கம்மா, நேரமாகுது" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. அத்தையின் கையைப் பிடித்து, "நீ சொல்லும்மா" என்றார்.

அத்தை தொட்டில் பக்கம் குனிந்தார். உதடு பிரிந்து மூடியது. மறுபடி பிரிந்து மூடியது. டவுன் பஸ்ஸையே அதட்டுகிற மனுஷிக்கு நாலெழுத்து வரவில்லை. கூட்டத்தில் இருந்த என் அம்மா, "சொல்லுங்க மதினி, பிள்ள காத்துக்கிட்டு இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'சொல்லுங்க அத்தை, சொல்லுங்க' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. தொட்டில் கயிற்றைப் பிடித்திருந்த எனக்கு மட்டும் கேட்டது. இரண்டாவது தடவை பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது.

"ஏட்டி!" என்று ஒரு சத்தம். மாமனாரின் அக்கா. போட்டோவில் இருப்பவரின் மூத்த மகள். "எங்கம்மா பேர நீயா சொல்லுத?"

அத்தை நிமிர்ந்தார். "ஒங்கம்மா பேர நான் சொல்லல மதினி" என்றார். "எம் பேரச் சொல்லுதேன்."

மறுபடி குனிந்து மூன்றாவது தடவை சொன்னார். அது வாசலில் செருப்பு விட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். பிள்ளை பயந்து வீறிட்டு அழுதது. மாமனார்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிதானே. அவ பேருதானே" என்றார். அப்புறம் சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். மாமனாரின் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் பாயசம் இரண்டு தடவை வாங்கினார்.

சாயங்காலம் வேன் ஏறும் முன் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீயும் மாமியா பேருன்னு சொல்லாம இருந்துராத. அப்பிடி இருந்தன்னா இருக்கு ஒனக்கு. பிள்ளைய வையணும்னாலும் அந்தப் பேரச் சொல்லியே வையி" என்றார்.

வேலைக்குத் திரும்பின முதல் நாள், மகளின் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். நாலெழுத்துதான். எழுத்துப் பிழை வரவே வழியில்லாத பெயர். இருந்தும் மூன்று தடவை சரிபார்த்தேன். இப்போது கவுன்டரில் யாராவது பெயர் சொல்லத் தயங்கினால், பேப்பரையும் பேனாவையும் அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டுப் பேசாமல் இருக்கிறேன்.

மகளுக்கு ஒன்றேகால் வயது ஆகிறது. ராஜபாளையம் வீட்டில்தான் இருக்கிறோம், நடக்கப் பழகிவிட்டாள். அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. வழக்கத்துக்காக இல்லை, அது அத்தையின் வாயால் கேட்க வேண்டிய பெயர் என்பதால்தான். எங்கள் தெருவுக்குச் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வந்தால் போதும். கம்பெனி விட்டு வரும் அத்தை தெருமுனையில் திரும்பும்போதே கூப்பிட ஆரம்பித்துவிடுவார். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மாகூட, "வச்சேசிந்தி, வந்தாச்சு உங்க அத்தை" என்று சிரித்துக்கொண்டே எனக்குக் குரல் கொடுப்பார். கேட்டைத் திறக்கும்போது ஒரு தடவை, செருப்பைக் கழற்றும்போது ஒரு தடவை, கை கால் கழுவும்போது ஒரு தடவை. சில நாள் அந்த நேரத்தில் பிள்ளை என் மடியில் அசந்து தூங்கிக்கொண்டிருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அத்தைக்கே அது தெரியும். ஆனாலும் வாசலில் நின்று ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். பிள்ளை தூங்குகிறது என்று நான் சொல்வதில்லை.